இலவசப் பாபா போதுமா, காசு கொடுத்த பாபா வேண்டுமா?

அக்கா மகன் கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். போன வாரம் இரவு பதினொன்றரைக்கு அவனிடமிருந்து மெசேஜ். "மாமா, ஸ்டீம்ல சேல் போட்டிருக்கான். ஒரே ஒரு கேம் வாங்கத்தான் காசு இருக்கு. இந்த அஞ்சுல எது?" ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடை. கீழே ஐந்து பெயர்கள்: செலஸ்ட், பாபா இஸ் யூ, இன்ஸ்கிரிப்ஷன், சூப்பர்ஹாட், பேப்பர்ஸ் ப்ளீஸ்.

அவன் லேப்டாப் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நான் நாலு வருடம் ஓட்டித் தேய்த்துவிட்டு அவனுக்குத் தள்ளிவிட்டது அது. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எக்ஸ் கீ அழுத்தினால் பாதி நேரம் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஹாஸ்டல் வைஃபையோ ராத்திரி ரெண்டு மணிக்கு மேல்தான் மூச்சு விடும்.

தெரிந்து கேட்டானோ தெரியாமல் கேட்டானோ, பட்டியலில் உள்ள ஐந்துக்கும் பூர்வீகம் ஒன்றுதான். நாலு நாள், ஒரு வாரம், ஒரு சனி ஞாயிறு என்று சொற்ப நேரத்தில் யாரோ அவசரமாகச் செய்து, இலவசமாக வெளியே விட்ட குட்டி கேம்களிலிருந்து முளைத்தவை. அந்தக் குட்டி வடிவங்கள் இன்னும் வழக்கொழிந்து போகவில்லை, பெரும்பாலானவற்றைத் தேடி ஆடலாம். அதனால் ஐந்தில் எது நல்லது என்று அவன் கேட்டதை நான் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எதில் இலவச மூலமே வயிற்றை நிறைத்துவிடும், எதில் நிறைக்காது?

கேம் ஜாம் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு இரண்டு வரி. ரொட்டியில் தடவும் ஜாம் இல்லை, வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசிப்பார்களே, அந்த ஜாம். ஒரு தலைப்பு கொடுப்பார்கள், ஒரு கெடு வைப்பார்கள், அதற்குள் ஒரு கேமைச் செய்து முடித்து எல்லாரும் ஆடும்படி வைக்க வேண்டும். 2002-ல் தொடங்கிய லூடம் டேர்தான் இதில் பெரிய வீடு. தனியாளாகச் செய்தால் 48 மணி நேரம், படம், இசை, நிரல் எல்லாம் அதற்குள் உங்கள் கையாலேயே ஆக வேண்டும். குழுவாகச் சேர்ந்தால் 72 மணி நேரம். 2009-ல் குளோபல் கேம் ஜாம் வந்தது, உலகம் முழுக்கப் பல ஊர்களில் ஒரே சமயத்தில் நடக்கும். துப்பாக்கி கேம்களுக்கு மட்டும் ஏழு நாள் ஜாம், ஊருக்கு ஊர் தனித்தனி ஜாம் என்று கிளைகள் நிறைய.

இந்தக் கெடு ஒரு நல்ல காரியம் செய்கிறது. இரண்டு நாளில் பத்து யோசனைகளைச் செய்ய முடியாது, ஒன்றைத்தான் செய்ய முடியும். ஆகவே ஜாம் கேம்களில் எலும்பு வெளியே தெரியும். சதை போர்த்திய பெரிய கேமைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் அந்த எலும்பைத் தொட்டுப் பார்த்துவிடலாம். நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்தக் குட்டி கேம் தன் யோசனையைச் சொல்லி முடித்துவிட்டதா, ஆரம்பித்து மட்டும் வைத்திருக்கிறதா? சொல்லி முடித்திருந்தால் பெரியதற்குக் காசு தண்டம். ஆரம்பித்து மட்டும் வைத்திருந்தால் மிச்சத்தைக் காசு கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

முதலில் சூப்பர்ஹாட்டைத் தள்ளிவிடுகிறேன். கேம் மோசம் என்பதால் இல்லை. 2013-ல் அந்த ஏழு நாள் துப்பாக்கி ஜாமில் போலந்தின் வூட்ஜ் நகரத்துக் குழு ஒன்று செய்தது. நீங்கள் நகர்ந்தால்தான் நேரம் நகரும். நின்றுவிட்டால் உங்கள் நெற்றிக்கு முன்னால் தோட்டா அந்தரத்தில் நிற்கும். ப்ரௌசரில் இலவசமாக ஓடிய அந்தச் சில நிலைகளிலேயே விஷயம் மண்டைக்குள் ஏறிவிடும். 2016-ல் வந்த முழு கேம் அதை இன்னும் பல அறைகளில், இன்னும் பல ஆயுதங்களோடு, நடுவே ஒரு கதையோடு சொல்கிறது. அழகாகத்தான் சொல்கிறது. ஆனால் சொல்வது அதே வாக்கியம். மேலும் அது முப்பரிமாணத்தில் ஓடுவது. என் பழைய லேப்டாப் அதைத் தூக்கினால், நின்றாலும் நகர்ந்தாலும் எல்லாமே மெதுவாகத்தான் போகும். கேமின் தந்திரம் எது, மெஷினின் தள்ளாமை எது என்று பையனுக்குப் புரியாமல் போகும்.

செலஸ்ட் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

2015-ல் மேடி தோர்சனும் நோயல் பெரியும் நாலே நாளில் இதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள், பிகோ-8 என்ற கற்பனைக் கன்சோலில். கற்பனை என்றால் அப்படி ஒரு பெட்டி கடையில் கிடையாது, அது ஒரு மென்பொருள்தான். வேண்டுமென்றே கைகால்களைக் கட்டிப்போட்ட மென்பொருள்: திரை 128-க்கு 128 புள்ளிகள், நிறங்கள் பதினாறு, முழு கேமும் 32 கிலோபைட் அட்டைக்குள் அடங்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பினால் அதுவே இதைவிடப் பல மடங்கு கனம்.

அந்தச் சின்னச் சதுரத்துக்குள் முப்பது திரைகள், ஒரு மலை. குதிக்கலாம், சுவரில் உதைத்து எழும்பலாம், காற்றில் ஒரே ஒரு தடவை பாயலாம். தரையைத் தொட்டால் அடுத்த பாய்ச்சல் திரும்பக் கிடைக்கும். பாய்ச்சலைச் செலவழித்துவிட்டீர்களா என்பதைச் சிவப்புத் தலைமுடி நீலமாக மாறிச் சொல்லும். அடிப்படை விதி இவ்வளவுதான். முதல் தடவை மலையுச்சிக்குப் போக எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. எத்தனை தடவை செத்தேன் என்பதை உச்சியில் அதுவே எண்ணிக் காட்டியது. அந்த எண்ணை அக்கா மகனிடம் சொல்வதாக இல்லை.

இந்தக் குட்டி செலஸ்ட் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டதா? முடித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். குதித்துப் பாயும் விரல் வித்தை மட்டும் வேண்டும் என்பவருக்கு இது முழுச் சாப்பாடு. 2018 ஜனவரியில் வந்த பெரிய செலஸ்டைத் தொடர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே மலையில் நடக்கும் வேறொரு கதை அது. மேடலின் என்ற பெண், மனப் பதற்றத்தோடு அல்லாடுபவள், எதற்கு என்று தனக்கே சரியாகத் தெரியாமல் மலை ஏறுகிறாள். வழியில் அவளுடைய இன்னொரு பாதியே கண்ணாடியிலிருந்து இறங்கி வந்து அவளைத் துரத்துகிறது. லீனா ரெய்னின் இசை. சுவரைப் பிடித்துத் தொங்கும் புது வசதி, அதுவும் கை அலுக்கும்வரை மட்டும். கஷ்டமாக இருந்தால் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலேயே ஏறலாம், அதற்கென்று ஒரு உதவி முறை இருக்கிறது. பயன்படுத்தினால் கேம் உங்களைக் கேலி செய்யாது. அந்த வருடம் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த இண்டி கேமுக்கான (பெரிய நிறுவனத்தின் தயவில்லாமல் செய்த கேமுக்கான) பரிசு இதற்குத்தான். பழைய பிகோ-8 வடிவத்தை இதன் உள்ளேயே ஓர் அறையில் ஒளித்தும் வைத்திருக்கிறார்கள். பேரன் கட்டிய வீட்டில் தாத்தாவுக்கு ஓர் அறை.

ஆக, செலஸ்டில் கதை வேண்டுமா, விரல் வித்தை போதுமா என்பதுதான் கேள்வி. இவன் கதையை ஸ்கிப் பண்ணும் ரகம். குளிக்கப் போனாலும் ரீல்ஸை இரண்டு மடங்கு வேகத்தில் பார்ப்பவன். அவனுக்கு இலவசமே போதும். இன்னொன்று, இரண்டு வடிவத்திலும் பாய்வதற்கு எக்ஸ் கீ! நம் லேப்டாப்பில் பாய்ந்தால் மேடலின் பாய்ந்தபடியே இருப்பாள். பிகோ-8 வடிவத்தில் எக்ஸுக்குப் பதில் வி கீ வேலை செய்யும், பெரியதில் செட்டிங்க்ஸில் மாற்றிக்கொள்ளலாம். இது தெரியாமல் நான் பட்டது போதும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். இன்னும் ஒன்று: 2019 ஆகஸ்ட் கடைசியில், ஸ்டீம் மாதிரியே கேம் விற்கும் எபிக் கடை பெரிய செலஸ்டை ஒரு வாரம் சும்மா கொடுத்தது. அப்போது கணக்கு வைத்திருந்தவர்கள் வாங்கும் முன் லைப்ரரியை ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

பேப்பர்ஸ் ப்ளீஸ் நேரடியாக ஜாமில் பிறந்தது இல்லை, அதற்கு ஓர் அண்ணன் ஜாமில் பிறந்தது. 2012 ஏப்ரலில் லூடம் டேரின் தலைப்பு 'குட்டி உலகம்'. ஆளாளுக்கு உருண்டை கிரகம் செய்துகொண்டிருந்தபோது லூகாஸ் போப் ஒரு பத்திரிகை அலுவலகத்தைச் செய்தார்: தி ரிபப்ளியா டைம்ஸ். நீங்கள்தான் ஆசிரியர். செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழும். எதைப் போடுவது, எதைக் கிழிப்பது, போட்டால் எவ்வளவு பெரிதாகப் போடுவது? அரசுக்குச் சாதகமான செய்தி மக்களின் விசுவாசத்தை ஏற்றும். ஆனால் அதை மட்டுமே போட்டால் பேப்பரை யார் வாங்குவார்? வாசகரைக் கூட்ட விளையாட்டுச் செய்தி, வானிலை, பிரபலங்களின் கல்யாணம் எல்லாம் வேண்டும். உங்கள் மனைவியும் குழந்தையும் 'பாதுகாப்பாக' அரசின் கையில் இருக்கிறார்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். இடையில் வேறு ஒரு தரப்பும் உங்களிடம் பேச வரும்.

அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கேம் இது. ஒரு தலைப்புச் செய்தியை மூன்று பத்தி அகலத்துக்கு இழுத்து வைக்கிற அந்த ஒற்றைச் செய்கையிலேயே நீங்கள் எந்தப் பக்கம் என்பது வந்துவிடுகிறது. பத்திரிகை ஆபீசில் பக்கம் வடிவமைக்கும் நண்பர் ஒருவரை ஆட வைத்தேன். முடித்துவிட்டு, "கேம் மாதிரி தெரியலையே, டூட்டி மாதிரில்ல இருக்கு" என்றார்.

அடுத்த வருடம், 2013 ஆகஸ்டில், அதே ஆள் பேப்பர்ஸ் ப்ளீஸை வெளியிட்டார். இங்கே நீங்கள் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா. ரிபப்ளியா இதில் பக்கத்து நாடாக வருகிறது. முத்திரை குத்துகிற சத்தம், பொருந்தாத பிறந்த தேதி, குழந்தைக்குக் காய்ச்சல், அறைக்கு வாடகை என்று நாளுக்கு நாள் கழுத்தை இறுக்கும் கேம். அண்ணன் அரை மணியில் சொன்னதைத் தம்பி பல மணி நேரம் உங்கள் தோளில் ஏற்றி வைக்கிறான். மோசமான வேலை ஒன்று மனிதனை எப்படி மாற்றும் என்பதை அந்த நீளம் இல்லாமல் உணர்த்த முடியாது. அதனால் இதற்குக் காசு கொடுப்பது நியாயம்தான். லேப்டாப்பும் தாங்கும், அளவும் சின்னது. தடை ஒன்றுதான்: கெடுபிடியான நேரத்துக்குள் பொடி எழுத்து ஆங்கிலத்தை வரி வரியாக வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். பகல் முழுக்க லேப் ரெக்கார்டு எழுதுகிற பையனுக்கு ராத்திரியிலும் அதே வேலையா? 2022-ல் மொபைலுக்கும் வந்துவிட்டது. வேலைக்குப் போன பிறகு பஸ்ஸில் ஆடிக்கொள்ளட்டும், அப்போது இன்னும் நன்றாக உறைக்கும்.

அவன் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் மொபைலுக்குத் தோதானது. மினி மெட்ரோ. 2013-ல் 'மினிமலிசம்' என்ற தலைப்புக்கு நியூசிலாந்துக்காரர்கள் செய்த மைண்ட் த கேப் என்ற ஜாம் கேம்தான் இதன் மூலம். நிலையங்களைக் கோடு போட்டு இணைப்பது, கூட்டம் நெரியாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவே. பெரியதில் மும்பையும் ஒரு வரைபடமாக வரும். மூலத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராகப் பெரியதையே வாங்கலாம்.

இன்ஸ்கிரிப்ஷனுக்கு வரும்போது என் அளவுகோல் கொஞ்சம் வளைகிறது.

2018 டிசம்பர் லூடம் டேரின் தலைப்பு 'பலிகள் கொடுத்தே ஆக வேண்டும்'. வான்கூவரில் இருக்கும் டேனியல் மல்லின்ஸ் அந்தத் தலைப்பையே கேமின் பெயராக வைத்துக்கொண்டார். ஏற்கனவே 2014 ஜாம் ஒன்றில் செய்ததை போனி ஐலண்ட் என்ற முழு கேமாக வளர்த்தவர் அவர். இது சீட்டாட்டம். ஓநாயை இறக்க வேண்டுமானால் அணிலைப் பலி கொடுக்க வேண்டும். சீட்டுதானே என்று நினைப்பீர்கள். ஆனால் இருட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாது, மேசையும் விளக்கும் சரியில்லாத மாதிரியே இருக்கும், பலி என்ற சொல் மெல்ல மெல்ல உங்கள் பக்கம் நகரும். சின்ன கேம், ஒரே உட்காரலில் முடியும். மனசில் ஒட்டிக்கொள்ளும்.

2021 அக்டோபரில் வந்த முழு இன்ஸ்கிரிப்ஷன் அதே மேசையில்தான் தொடங்குகிறது. ஆனால் இங்கே நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து அறையைச் சுற்றிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று சொல்பவரோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் பகுதியில் நீங்கள் ரசித்த ஒன்றை அது துணிந்து கைவிடுகிறது என்று மட்டும் சொல்கிறேன். அந்தத் துணிச்சலுக்காகவே 2022-ல் இண்டி கேம் விழாவின் பெரிய பரிசு கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். என் நண்பர்களில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில்தான் கேம் கசந்தது. எனக்கும் நடுவில் ஒரு பகுதி இழுவையாக இருந்தது, மறைப்பானேன்.

பட்டியலில் மற்ற எல்லாவற்றுக்கும் இலவசத்தை முதலில் ஆடு என்று சொல்லும் நான், இதற்கு மட்டும் ஆடாதே என்பேன். அந்த மேசையில் முதன்முறை உட்காரும் திகில் ஒரு தடவைதான் கிடைக்கும், அதைப் பெரிய கேமுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி, பதினாலு நாளைக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். மற்ற கேம்களுக்கு அது நல்ல வழி. இதற்குச் சரிவராது, இரண்டு மணி நேரத்தில் இது இன்னும் தன் முகத்தையே காட்டியிருக்காது. அப்படியானால் அவனுக்கு? ஜிபி கணக்கில் டவுன்லோடு, கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின், இருட்டு அறையில் இன்னும் மூன்று பேர் சத்தமாக ரம்மி ஆடும் ஹாஸ்டல். இது தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு ஆட வேண்டியது. இப்போது வேண்டாம்.

மிச்சம் பாபா.

2017 நார்டிக் கேம் ஜாம், கோபன்ஹேகன். தலைப்பு 'அங்கே இல்லை'. பின்லாந்துக்காரர் ஆர்வி தெய்க்காரி, அப்போது மாணவர், தலைப்பில் இருந்த அந்த 'இல்லை'யைப் பிடித்துக்கொண்டார். லாவாவுக்குள் ஒரு பனிக்கட்டி. விதிப்படி அது உருக வேண்டும். பக்கத்தில் 'நாட்' என்ற சொல்லைத் தள்ளி வைத்து 'ஐஸ் இஸ் நாட் மெல்ட்' என்று ஆக்கினால்? உருகாது. இந்த ஒரு காட்சியிலிருந்து வந்ததுதான் பாபா இஸ் யூ. அந்த ஜாமில் முதலிடமும் அதற்கே.

கேமின் விதிகள் எல்லாம் தரையில் சொற்கட்டைகளாகக் கிடக்கும். பாபா, இஸ், யூ என்ற மூன்று கட்டைகள் வரிசையாக நின்றால் நீங்கள் பாபா என்ற அந்த வெள்ளைப் பிராணி. வால் (ஆங்கிலச் சுவர்), இஸ், ஸ்டாப் என்று நின்றால் சுவர் தடுக்கும். அதில் ஒரு கட்டையை இடித்துத் தள்ளுங்கள், சுவருக்குள் புகுந்து நடக்கலாம். யூ கட்டையைப் பாறையோடு சேர்த்தால் நீங்களே பாறை. எதனோடும் சேராமல் விட்டுவிட்டால் நீங்கள் யாருமே இல்லை, நகர ஆளில்லாமல் திரை அப்படியே நிற்கும்.

இந்த கேமைத் தமிழில் செய்யவே முடியாது என்று ஒருநாள் தோன்றியது. எல்லாம் அந்த 'இஸ்' என்ற கட்டையில்தான் தொங்குகிறது. நமக்கு அதற்கு வேலையே கிடையாது. பாபா நீ. சுவர் தடை. கொடி வெற்றி. எழுவாயும் பயனிலையும் பக்கத்தில் நின்றாலே வாக்கியம் முடிந்தது. எந்த இரண்டு கட்டை உரசினாலும் ஒரு விதி பிறந்துவிடும், திரை முழுக்க விதிகளாகப் பெருகி ஆட்டம் நாறிப்போகும். அதற்குப் பதில் வேற்றுமை உருபுகளைக் கட்டைகளாக்கினால்? 'ஐ' வந்து ஒட்டினால் பாபா செயப்படுபொருள், 'ஆல்' ஒட்டினால் கருவி. தள்ளியது பாபாவா, பாபாவையா என்பது ஒரு கட்டையில் மாறும். 48 மணி நேரம் கையில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம், எனக்குப் பங்கு வேண்டாம்.

ஜாம் வடிவம், சின்னச் சின்ன கேம்களைப் போட்டு வைக்கும் இட்ச் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அது கதவைத் திறந்து, உள்ளே எவ்வளவு பெரிய வீடு என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. 2019 மார்ச்சில் வந்த முழு கேமில் 200-க்கும் மேற்பட்ட புதிர்கள். புதுப் புதுச் சொற்கள் வருகின்றன. தெரிந்த சொற்களே புது இடத்தில் நின்று காலை வாருகின்றன. ஒரு கட்டத்தில் 'லெவல்' என்ற சொல்லே கட்டையாக வந்து நிற்கும், அன்றைக்கு எனக்குத் தூக்கம் போயிற்று. ஐந்து கேம்களில் ஜாம் வடிவம் ஒரு யோசனையை ஆரம்பித்து மட்டும் வைத்திருப்பது இங்கேதான். மிச்சம் முழுவதும் காசு கொடுத்த பக்கம் இருக்கிறது, அதில் வீண் என்று எதையும் கழிக்க முடியவில்லை. கடைசிப் பகுதிகள் தலையைச் சுவரில் முட்ட வைக்கும் என்பது மட்டும் குறை. நான் இன்னும் முடிக்கவில்லை, முடிப்பேன் என்ற நம்பிக்கையும் இல்லை.

அவன் நிலைமைக்கும் இது பொருந்துகிறது. சில நூறு எம்பிக்குள் அடங்கும். தட்டையான படங்கள், எந்தப் பெட்டியும் ஓட்டும். அம்புக்குறி கீகள் போதும், தப்பு செய்தால் ஒரு அடி பின்வாங்க இசட் கீ. எக்ஸ் கீக்குச் சோலியே இல்லை. பக்கத்து கட்டில்காரன் எட்டிப் பார்த்து "டேய், அந்தக் கட்டையை மேல தள்ளுடா" என்று சொன்னால் அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி.

இவ்வளவையும் ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். இலவச பாபாவை இன்றைக்கே இறக்கு, செலஸ்டின் பிகோ-8 வடிவத்தை வி கீயில் ஆடு, பாபா பிடித்தால் முழுசை வாங்கு, இன்ஸ்கிரிப்ஷனைப் பற்றி எதையும் படிக்காதே என்று முடித்திருந்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு ஸ்கிரீன்ஷாட். இலவச பாபா. கொடி ஒரு பக்கம், பாபா ஒரு பக்கம், நடுவில் சொற்கட்டைகள் எல்லாம் மூலைக்கு மூலை தள்ளி மாட்டிக்கொண்டு கிடக்கின்றன.

"மாமா, ரெண்டு நாளா ஒரே லெவல். ரூம்ல நாலு பேரும் பார்த்துட்டோம். சேல் எப்ப முடியுது?"

இன்னும் நாலு நாள் இருந்தது. விடையைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னேன்.